ராகம் வாயிலயோ, காதிலயோ?

போன வருசம் ஒரு பின்னேரம். போர்டிங் அறையில நாங்கள் நாலு பேர் இருந்தம். அம்மா வட்ஸ்அப்பில ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தா. "பிள்ளை, சனிக்கிழமை வாறியோ? வந்தால் அப்பாவின்ர மருந்தையும் வாங்கிக்கொண்டு வா." அவ்வளவுதான் செய்தி. கையில புத்தகம் இருந்ததால ஸ்பீக்கரில போட்டிட்டன்.

"என்னடி, உங்கட அம்மா பாட்டுப் படிக்கிறாவோ?" எண்டு ஒருத்தி கேட்டாள். மற்றவள், "தீவார் எண்டால் அப்பிடித்தான். காத்துக்கு எதிரா நிண்டு கத்திப் பழகின சனம்" எண்டாள். பிறகு என்ர போனை வாங்கி அந்த மெசேஜைத் திருப்பித் திருப்பிப் போட்டினம். நாலாவது தரம் போடேக்க அம்மாவோட சேர்ந்து ரெண்டு பேர் பாடத் தொடங்கிட்டினம். சனிக்கிழமை வாறியோ, சனிக்கிழமை வாறியோ.

நானும் சிரிச்சன். அவையள் சிரிச்சது எனக்கு இப்ப பெரிசாத் தெரியேல்லை. நான் சிரிச்சதுதான் உறுத்துது.

எங்கட ஊர் நாரந்தனை. யாழ்ப்பாணத்தில ஏறினால் ஊர்காத்துறை பஸ் பண்ணைப் பாலத்தால கடலைக் கடந்து கொண்டுபோய் விடும். கணக்குப் பார்த்தால் பெரிய தூரம் இல்லை. ஆனால் "தீவார்" எண்ட சொல்லுக்கு வெறும் புவியியல் அர்த்தம் மட்டும் இல்லை எண்டது யாழ்ப்பாணத்தில வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். அந்தச் சொல்லோட வாற முதல் குற்றச்சாட்டு "இழுத்துக் கதைக்கிறவை", ரெண்டாவது "முரட்டுக் கதை". நான் கம்பஸுக்கு வந்து முதல் ஆறு மாசத்தில என்ர கதையை மாத்திக்கொண்டன். சொல்லுகளை மாத்தேல்லை, ஏற்ற இறக்கத்தை மட்டும். ஆரும் கேட்காமலே செய்தது அது.

இந்தக் கட்டுரையில நான் சொல்ல வாறது ஒண்டுதான். ஒருத்தரின்ர பேச்சில கேட்கிற ராகம் முழுக்க அவரின்ர வாயில இல்லை. அதில பெரிய பங்கு கேட்கிறவரின்ர காதில இருக்கு. அப்பிடியெண்டால் "அவன்ர கதை திமிர்", "அவளின்ர கதை பாட்டு" எண்டு தீர்ப்புச் சொல்லுறதுக்கான பொறுப்பும் கேட்கிறவருக்கு இருக்கு.

முதல்ல அந்தப் பாட்டு விசயத்தை முடிப்பம். டயானா டொய்ச் என்ற இசை உளவியலாளர் 1995 இல் தன்னுடைய சொந்தப் பேச்சின் ஒலிப்பதிவைத் திருத்திக்கொண்டிருந்தார். அதில் சில சொற்கள் மட்டும் திரும்பத் திரும்ப ஓடும்படி விட்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சொற்கள் பேச்சாகக் கேட்கவில்லை, பாட்டாகக் கேட்டன. ஒலியில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டது மட்டுமே காரணம். ஒரு வசனத்தை முதல் தரம் கேட்கும்போது மூளை அர்த்தத்தைத் தேடுகிறது. அர்த்தம் தெரிந்த பிறகும் அதே ஒலி வந்துகொண்டிருந்தால், அதுவரை கவனிக்காமல் விட்ட ஏற்ற இறக்கம் முன்னுக்கு வந்து நிற்கிறது.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். கொழும்பு ஆள், யாழ்ப்பாண ரவுண் ஆள், செய்தி வாசிக்கிற ஆள், ஆராயிருந்தாலும் சரி. ஒரு சின்ன வசனத்தைப் பதிவு செய்து பத்துத் தரம் விடாமல் போடுங்கோ. அனேகமான வசனங்கள் ஏதோ ஒரு அளவுக்குப் பாடத் தொடங்கும். எங்கட அறையில அண்டைக்கு நடந்த பாட்டுக்கு அம்மாவை மட்டும் குற்றம் சொல்ல ஏலாது. அதில பாதி, திருப்பித் திருப்பி அமத்தின விரலின்ர வேலை.

இனிச் சுருதி எண்டால் என்ன எண்டு பார்ப்பம். பேசும்போது தொண்டையில் இருக்கும் குரல்நாண்கள் அதிர்கின்றன. வளர்ந்த ஆண்களுக்கு இது ஏறத்தாழ விநாடிக்கு 100 முதல் 130 தரம். பெண்களுக்கு 200 ஐ ஒட்டி. சின்னப் பிள்ளைகளுக்கு 300 வரையும் போகும். வேகமாக அதிர்ந்தால் உயர்ந்த சுருதி, மெதுவாக அதிர்ந்தால் தாழ்ந்த சுருதி. ஆனால் காது இந்த எண்களை அப்படியே எண்ணுவதில்லை. அப்பா ஒரு கேள்வியில் 100 இலிருந்து 150 க்கு ஏறுகிறார், தங்கச்சி 200 இலிருந்து 300 க்கு ஏறுகிறாள் என்று வையுங்கள். ஒருவரின் ஏற்றம் 50, மற்றவரின் ஏற்றம் 100. ஆனால் எங்கள் காதுக்கு ரெண்டும் ஒரே அளவு ஏற்றம். காது வித்தியாசத்தை அல்ல, விகிதத்தைக் கேட்கிறது. அதனால்தான் அப்பா கேட்டாலும் தங்கச்சி கேட்டாலும் கேள்வி கேள்வியாகவே விளங்குகிறது.

இதைவிட எனக்குப் பெரிய ஆச்சரியமா இருந்தது போன் கதைதான். எங்கட தீவுகளில போன் இல்லாமல் குடும்பம் இல்லை. தொண்ணூறுகளின்ர தொடக்கத்தில தீவுப்பகுதி இராணுவத்தின்ர கைக்குப் போன பிறகு சனம் சிதறின சிதறலில, ஒரு வீட்டுக்காரர் ரொறன்ரோ, பாரிஸ், லண்டன், கொழும்பு எண்டு பிரிஞ்சு கிடக்கினம். மாமாவின்ர குரல் எனக்கு முதல்ல தெரிஞ்சதே லைனில வந்த குரலாத்தான்.

பழைய தொலைபேசி லைன் ஒன்று கிட்டத்தட்ட 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான ஒலியைத்தான் கடத்தும். மாமாவின் குரல்நாண் விநாடிக்கு 110 தரம் அதிர்கிறது என்று வைப்போம். அந்த 110 லைனுக்குள் வரவே வராது. ஆனால் நான் மாமாவின் தடித்த குரலைத்தான் கேட்டேன். எப்படி? குரலில் 110 மட்டும் இல்லை. அதன் மடங்குகளான 220, 330, 440, 550 எல்லாம் சேர்ந்தே வரும். லைன் 110 ஐயும் 220 ஐயும் வெட்டிவிடுகிறது. மிச்சத்தைக் கேட்ட மூளை, இவை எல்லாவற்றுக்கும் பொதுவான அடி 110 ஆகத்தான் இருக்கவேண்டும் என்று கணக்குப் பார்த்து, இல்லாத அந்தச் சுருதியைத் தானே கேட்கிறது. ரொறன்ரோவிலயிருந்து வராத ஒரு சத்தத்தை நாரந்தனையில இருந்த என்ர காது கேட்டிருக்கு. சுருதி எண்டது காது செய்கிற வேலை எண்டதுக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஏற்ற இறக்கத்திலும் இதே கதைதான். பொதுவாக, ஒரு வசனத்தைத் தொடங்கும்போது இருக்கிற சுருதி முடியும்போது இருக்காது. மெல்ல மெல்லக் கீழே இறங்கும். ஜெனற் பியர்ஹம்பேர்ட் என்ற மொழியியலாளர் 1979 இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்றைக் காட்டினார். ஒரு வசனத்தில் ரெண்டு இடத்தில் குரல் உயர்கிறது. ரெண்டும் ஒரே உயரம் என்று கேட்பவர் சொல்லவேண்டுமென்றால், ரெண்டாவது உயரம் உண்மையில் முதலாவதைவிடக் குறைவாக இருக்கவேண்டும். அதாவது "வசனம் போகப் போகக் குரல் இறங்கும்" என்ற எதிர்பார்ப்பைக் காது முன்கூட்டியே வைத்திருக்கிறது, அதைக் கழித்துவிட்டுத்தான் கேட்கிறது.

எதிர்பார்ப்பைக் கழிச்சுத்தான் காது கேட்குது எண்டால், எங்கட சொந்த ஊர்ப் பேச்சின்ர ராகம் எங்களுக்கு ஏன் கேட்கிறேல்லை எண்டதும் ஓரளவு விளங்குது. பிறந்ததில இருந்து கேட்டுவந்த ஏற்ற இறக்கம் எங்கட எதிர்பார்ப்பாகவே மாறியிருக்கும். எதிர்பார்ப்போட ஒத்துப்போறதுக்குப் பெயர் "சும்மா கதைக்கிறது". ஒத்துப்போகாததுக்குப் பெயர் "இழுக்கிறது". இது என்ர ஊகம்தான். ஆனால் தன்ர ஊரில எல்லாரும் இழுத்துக் கதைக்கினம் எண்டு தானாச் சொன்ன ஆளை நான் இன்னும் சந்திக்கேல்லை.

"தமிழில சுருதி மாறினால் என்ன, அர்த்தம் மாறாதே?" எண்டு கேட்கலாம். சீன மொழியில ஒரே அசையைச் சுருதியை மாத்திச் சொன்னால் வேற வேற சொல்லாகும். எங்களுக்குக் கிட்ட, பஞ்சாபியிலும் சுருதி சொல்லை மாத்தும். தமிழில அப்பிடி இல்லை. ஆனால் தமிழில் இசைக்கு வேலையே இல்லை என்பதும் சரியில்லை. ஒரே எழுத்துத் தொடர் ரெண்டு பொருள் தருமிடத்தில், அந்த வேறுபாடு இசையால் விளங்கும் என்று தொல்காப்பியமே சொல்லுகிறது. உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் "செம்பொன்பதின்றொடி". செம்பு ஒன்பதா, செம்பொன் பத்தா? எழுத்தில் தெரியாது. எங்கே நிறுத்தி, எங்கே எடுத்துச் சொல்லுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. நன்னூலும் எழுத்துகளின் ஒலி எடுத்தல், படுத்தல், நலிதல் என்பவற்றால் கொஞ்சம் திரிபடும் என்கிறது. ஆறுமுக நாவலரின் காண்டிகையுரையோடு நன்னூல் படித்த யாழ்ப்பாணத்தில், இதெல்லாம் திண்ணையில் பேசின விசயமாகத்தான் இருந்திருக்கும்.

பழைய உதாரணம் வேண்டாமெண்டால் வீட்டுக் கதையைப் பாருங்கோ. "அவரே வந்தவர்." குரலை ஒரு விதமா வைச்சால் அவர்தான் நேரில வந்தார் எண்டு அர்த்தம். இன்னொரு விதமா வைச்சால் அவரோ வந்தது எண்ட கேள்வி. எங்கட ஏகாரம் ரெண்டுக்கும் பொது. "அவர் வருவாரோ?" இதில மூண்டு இருக்கு. சும்மா கேள்வி, வருவாரோ என்னவோ எண்ட சந்தேகம், வரவே மாட்டார் எண்ட மறுப்பு. ஏகாரத்துக்கும் ஓகாரத்துக்கும் இருக்கிற இந்த அர்த்தங்களை இலக்கணம் பட்டியல் போட்டு வைச்சிருக்கு. ஆனால் பேசேக்க எது எண்டு காட்டுறது குரல்தான்.

ஆக, தமிழில ஏற்ற இறக்கம் பெரும்பாலும் சொல்லை மாத்திறேல்லை. சொல்லுறவரின்ர மனநிலையைக் காட்டுது. சந்தேகமோ, மறுப்போ, மரியாதையோ, கோபமோ. பிரச்சினையும் இதுக்குள்ளதான் இருக்கு. ஒரு சொல்லைப் பிழையா விளங்கினால் "என்ன சொன்னனீங்கள்?" எண்டு திருப்பிக் கேட்பம். ஏற்ற இறக்கத்தைப் பிழையா விளங்கினால் கேட்கிறேல்லை. "இந்த ஆள் இப்பிடித்தான்" எண்டு முடிவெடுக்கிறம். அந்தப் பிழை வசனத்தில ஒட்டுறேல்லை, ஆளில ஒட்டுது.

ஜோன் கம்பர்ஸ் என்ற மொழியியலாளர் 1982 இல் வந்த தனது நூலில் எழுதிய ஒரு சம்பவம் இதுக்குச் சரியான உதாரணம். பிரித்தானியாவின் பெரிய விமான நிலையமொன்றில் ஊழியர்களுக்கான கன்ரீன். அங்கே புதிதாக வேலைக்கு வந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் மரியாதை இல்லாதவர்கள், முகம் கொடுக்காதவர்கள் என்று முறைப்பாடு. அந்தப் பெண்களோ தங்களை ஒதுக்குகிறார்கள் என்று உணர்ந்தார்கள். பார்த்தால், ரெண்டு பக்கமும் பேசிக்கொண்ட சொற்கள் மிகக் குறைவு. அதில் ஒன்று "கிரேவி". இறைச்சியோடு குழம்பு விடட்டுமா என்று கேட்பது. உள்ளூர்ப் பெண்கள் அந்த ஒரு சொல்லைக் குரலை உயர்த்தி முடிப்பார்கள். வந்த பெண்கள் இறக்கி முடித்தார்கள். கேட்டவர்களின் காதில் முதலாவது "கிரேவி விடட்டுமா?", ரெண்டாவது "இது கிரேவி, வேணுமென்றால் எடு". ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டியபோது, ரெண்டும் ஒன்றுதானே என்று அந்தப் பெண்கள் முதலில் சொன்னார்கள். அவர்களைப் பொறுத்தவரை அவர்கள் பண்பாகத்தான் கேட்டிருந்தார்கள்.

ஒரு சொல், அதில ஒரு இறக்கம். அதுக்குப் பிறகு வேலை இடத்தில ஒரு கூட்டத்துக்கே கெட்ட பெயர்.

இதை வகுப்பில கேட்டபோது எனக்கு நாரந்தனைதான் ஞாபகம் வந்தது. நான் உயர்தரம் படிக்கேக்க அம்மாவோட ஒரு அலுவலகத்துக்குப் போனன். எது எண்டு வேண்டாம். அம்மா கிளாக்கரிட்ட, "தம்பி, அந்தக் கடிதம் வந்ததோ?" எண்டு கேட்டா. அம்மா கேள்வியின்ர கடைசி ஓகாரத்தில குரலை ஏத்துறேல்லை. இறக்கி, கொஞ்சம் நீட்டி நிப்பாட்டுவா. எங்கட வீட்டில அது சாதாரணக் கேள்வி. அந்த ஆள் நிமிர்ந்து பார்த்து, "ஏனம்மா சண்டைக்கு வாறியள்? இருங்கோ, கூப்பிடுவம்" எண்டார். கூப்பிடேல்லை. மத்தியானம் ஆச்சு, பிறகு நாளைக்கு வாங்கோ எண்டு ஆச்சு. அடுத்த நாள் நான் தனியப் போய், ரவுண் கதையில, கடைசியில குரலை ஏத்திக் கேட்டன். அஞ்சு நிமிசத்தில கடிதம் கையில.

அண்டையில இருந்து எங்கட வீட்டில வெளி அலுவல் எல்லாம் நான்தான் கதைக்கிறது. வங்கி, ஆஸ்பத்திரி, கரண்ட் பில். அம்மாவும், "நீயே கதை பிள்ளை, எனக்குக் கதைக்கத் தெரியாது" எண்டு சொல்லத் தொடங்கிட்டா. அம்பது வருசமாத் தமிழ் கதைச்ச மனிசி தனக்குக் கதைக்கத் தெரியாது எண்டு சொல்லுறா. அதை நானும் உதவி எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தன்.

இதுக்கு ஒரு எதிர்வாதம் இருக்கு. "அப்ப உண்மையான கோபமும் திமிரும் குரலில தெரியாதோ? எல்லாம் காதின்ர பிழையோ?" எண்டு. நியாயமான கேள்வி. தெரியும்தான். கோபம், துக்கம் போன்ற உணர்ச்சிகளை வேற்று மொழிக்காரரின் குரலிலும் மனிதர்கள் ஓரளவுக்குக் கண்டுபிடிக்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஜோன் ஓஹாலா போன்றவர்கள், உயர்ந்த சுருதி சிறிய உருவத்தையும் பணிவையும், தாழ்ந்த சுருதி பெரிய உருவத்தையும் அதிகாரத்தையும் குறிப்பது விலங்குகளிலிருந்தே வரும் வழக்கம் என்று வாதிட்டிருக்கிறார்கள். ஆனால் அதே மாதிரியான ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டுகின்றன. தங்கள் சொந்தக் கூட்டத்தாரின் குரலில்தான் மனிதர்கள் உணர்ச்சியை இன்னும் சரியாகப் பிடிக்கிறார்கள். தூரம் கூடக் கூடப் பிழையும் கூடும்.

அம்மாவுக்குக் கோபம் வந்தால் எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும். அந்த ஓகாரம் நீளாது, வெட்டி விழும். அந்தக் கிளாக்கருக்கு அது தெரியாது. தெரியாதது குற்றமில்லை. தெரியாமலே தெரியும் எண்டு முடிவெடுத்ததுதான் பிழை.

இன்னொரு விசயம். எல்லா ராகத்தையும் நாங்கள் ஒரே மாதிரி வெறுக்கிறதும் இல்லை. இலங்கை வானொலியில கே.எஸ்.ராஜாவும் அப்துல் ஹமீதும் கதைச்ச தமிழைத் தமிழ்நாட்டில விரும்பிக் கேட்டவை எத்தனையோ பேர். அதே தமிழ்நாட்டில 2000 இல வந்த 'தெனாலி'யில ஈழத்துப் பேச்சு சிரிப்புக்கான சரக்கு. மைக்குக்கு முன்னால இருந்து வந்தால் இனிமை, அகதி வாயில இருந்து வந்தால் பகிடி. அந்தப் படத்தைப் பார்த்துக் கோபப்பட்ட யாழ்ப்பாணத்தார் எத்தனையோ பேர். அவையளில எத்தனை பேர் தீவார் கதையைப் பழிச்சுக் கதைச்சுக் காட்டாதவை? நான் கணக்கெடுக்கேல்லை, ஆனால் நீங்கள் உங்கட வீட்டில எண்ணிப் பார்க்கலாம்.

நானும் இதில சுத்தமான ஆள் இல்லை. முதலாம் வருசத்தில மட்டக்களப்புப் பக்கத்துப் பெட்டை ஒருத்தி எங்களோட இருந்தாள். அவள் எதைச் சொன்னாலும் எனக்கு என்னவோ கெஞ்சுற மாதிரியே கேட்கும். அதால அவளைப் பயந்தவள் எண்டு நினைச்சு, குழு வேலையில அவளுக்குப் பேசுற பகுதியே குடுக்கேல்லை. ரெண்டாம் வருசம் விவாதத்தில அவள் எங்கள் எல்லாரையும் ஒரு பக்கத்தில இருத்திப்போட்டாள். அவள் மாறேல்லை. என்ர காதுக்கு அவளின்ர ஏற்ற இறக்கம் பழகியிருந்தது, அவ்வளவுதான். அவளிட்ட இதைச் சொன்னன். "உன்னைப் பார்த்து முதல்ல நான் சண்டைக்காரி எண்டு நினைச்சன்" எண்டு அவள் சொன்னாள். ரெண்டு பேரும் ஒரு வருசம் பிழையாக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறம்.

அதால, வாசிக்கிற உங்களிட்ட நான் கேட்கிறது பெரிய வேலை இல்லை. ஒருத்தரின்ர சொல்லில பிழை இல்லாமல் "கதைச்ச விதம்" மட்டும் சுட்டுதெண்டால், அந்தச் சூட்டை ஒரு நிமிசம் சந்தேகப்படுங்கோ. அந்த ஆளின்ர ஊர்க்காரர் ஒருத்தரிட்ட, "இவர் கோபமாவோ கேட்டவர்?" எண்டு விசாரியுங்கோ. ஏலாட்டி, சொல்லை மட்டும் எடுத்துப் பதில் சொல்லுங்கோ. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நாளைக்கு இருக்கப்போறது எங்கட தலைமுறைதான். கலைப்பீடத்தில படிச்சு வெளியில போற எங்களில எத்தனையோ பேர் அந்தக் கதிரைகளில இருப்பம்.

போன மாசம் அம்மாவின்ர அதே வொய்ஸ் மெசேஜை 'பிராட்' எண்ட மென்பொருளில போட்டுப் பார்த்தன். இலவசமாக் கிடைக்கிறது, குரலின்ர சுருதியைக் கோடாக் கீறிக் காட்டும். "வாறியோ" எண்ட இடத்தில கோடு மெல்ல ஏறி, கடைசியில இறங்கி நீளுது. அதில பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை. ஒரு கோடு, அவ்வளவுதான். மிச்சம் எல்லாத்தையும் ஆரோ கேட்டுச் சேர்த்திருக்கினம், நானும் சேர்த்து.

போன கிழமை அம்மா கரண்ட் பில்லில பிழை இருக்கெண்டு எனக்கு எடுத்தா. "நீங்களே எடுத்துக் கேளுங்கோ அம்மா, நான் பக்கத்தில இருக்கிற மாதிரி நினைச்சுக்கொண்டு" எண்டன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "என்ர கதை அவங்களுக்கு விளங்குமோ?" எண்டு கேட்டா. அந்த ஓகாரமும் வழமைபோல இறங்கித்தான் நிண்டது. அது கேள்வியோ, சந்தேகமோ, மறுப்போ எண்டு எனக்குத் தெரிஞ்சது. சந்தேகம்.

"விளங்காட்டித் திருப்பிக் கேட்கட்டும் அம்மா" எண்டன்.